பால் காய்ச்சிய நாள்

ஜூன் 8, ஞாயிறு

இது அவருடைய டைரி. எங்கள் கம்பெனிக்கு நூல் போடுகிறவர்கள் வருஷா வருஷம் கொடுப்பது. இந்த வருஷம் ஒன்று மிச்சமாகி என் கைக்கு வந்தது, நான் அவரிடம் கொடுத்தேன். பிப்ரவரி கடைசி வரை அங்கங்கே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வெறும் தாள். நல்ல கெட்டித் தாள், வீணாக்க மனசில்லை.

இன்று ஊரப்பாக்கத்துப் புது ஃப்ளாட்டில் பத்து வீட்டுக்காரர்கள் பால் காய்ச்சினார்கள். வைகாசி முடியப்போகிறது. விட்டால் ஆனி, ஆடி என்று ஆவணி வரை நாளில்லை. அதனால் ஒரே முகூர்த்தத்தில் பத்து வீடு. இரண்டு ஐயர்கள் மாடிக்கு மாடி ஓடிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. 2-ஏ ஜெயசீலி டீச்சர் ஜெபம் பண்ணிவிட்டு அவரும் பால்தான் காய்ச்சினார். பால் எல்லா மதத்துக்கும் பொங்குகிறது.

விற்றது பதினொரு வீடு. பதினோராவது எங்களுடையது, மூன்றாவது மாடி, 3-பி. நான் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை வராதே என்று சொல்லவில்லை. மேலே வா என்றும் சொல்லவில்லை. புருஷன் போய் மூன்று மாதமான பொம்பளை எங்கே உட்கார வேண்டும் என்று எனக்கே தெரியும். டீச்சர் தட்டில் கேசரி கொண்டுவந்து தந்தார். முந்திரி கருகியிருந்தது.

பில்டர் தெய்வசிகாமணி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாம்பாளம் கொண்டுபோனார். வெற்றிலை பாக்கு, பழம், மேலே சாவி, வெற்றிலைக்கு அடியில் ஒரு காகிதம். சாவியை எடுத்தவர்கள் மனைப்பலகை மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். நல்ல நேரம் முடிய ஏழு நிமிஷம் இருந்தது. குங்குமம் ஒட்டிய கையோடு யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

என்னிடமும் வந்தார். "மேடம், உங்களுக்கு எப்போ தோதுப்படுதோ அப்போ வச்சுக்கலாம். வருஷம் திரும்பணும்னு பார்ப்பீங்க. சாவி பத்திரமா இருக்கு."

"சரிங்க."

"கதிரேசன் சார் இருந்திருந்தா முதல் ஆளா நின்னிருப்பார்."

அதற்கும் சரிங்க என்றேன்.

தாம்பரத்துக்குத் திரும்பி வந்து துணி துவைத்தேன். வழியில் அரை லிட்டர் பால் வாங்கிவிட்டேன். கால் லிட்டர் போதும்.

ஜூன் 9, திங்கள்

வேலை. முந்நூற்று நாற்பது சட்டை. பதினொன்று திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 13, வெள்ளி

செக்கிங் மேசைக்குப் புது ஸ்டிக்கர் வந்திருக்கிறது. சிவப்பு அம்புக்குறி, முன்னதைவிடச் சின்னது. தையல் விட்ட இடம், கறை, கோணல் பட்டன், எங்கே குறையோ அங்கே அம்பை ஒட்டுவேன். திருத்துகிறவர்கள் அதைப் பார்த்துச் சரி செய்வார்கள். குறையில்லாவிட்டால் சீட்டில் 'பாஸ்' என்று எழுதுவேன். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. கறையுள்ள உருப்படி ஒன்றுகூட என் மேசையைத் தாண்டி வெளிநாட்டுக்குப் போனதில்லை.

அவர் என்னை அம்பு என்றுதான் கூப்பிடுவார். "என்ன அம்பு, இன்னிக்கு எத்தனை பேரைக் குத்தின?" என்பார். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வேறு யாருக்கும் அது தெரியவும் தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

நாத்தனார் புனிதவதி வந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் எங்கள் வீட்டு விஷயத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. அலமாரியில் செய்தித்தாள் சுற்றியபடி இருக்கும் பித்தளைப் பானையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பால் காய்ச்ச என்று தையிலேயே வாங்கி, எங்கள் இரண்டு பேர் பெயரும் வெட்டி வைத்தது. அவள் போனபின் பானையை மேல்தட்டுக்கு மாற்றினேன்.

மத்தியானம் அவர் எழுதியதைப் படித்தேன். லேத்துப் பட்டறைக்காரர், எழுத்தும் அளந்து வெட்டினமாதிரி இருக்கும். ஒரு பக்கத்துக்கு 'சாவி வாங்குமுன் பார்க்க வேண்டியது' என்று தலைப்பு. குளியலறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்று, ஓட்டைக்குப் போகிறதா வாசலுக்கு வருகிறதா பார். தரைக் கல்லைக் காசால் தட்டு, டொக்கென்றால் அடியில் சிமெண்ட் இல்லை. மழைக்கு மறுநாள் போ, வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். மோட்டார் எந்தக் கரண்டில் ஓடுகிறது, நிரந்தர இணைப்பா, கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பா? நிறைவுச் சான்றிதழைக் கண்ணால் பார், 'வந்துவிடும்' என்பதைக் காதால் கேட்டுவிட்டு வராதே. கடைசியில் இரண்டு கோடு போட்டு: 'வரைபடத்தில் 11. எண்ணினால் 12?'

அது எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 27ஆம் பக்கத்தில் 'பால் 2 பாக்கெட், டீத்தூள்' என்று மட்டும் இருக்கிறது. அதுதான் அவர் கடைசியாக எழுதியது. அன்று சிவராத்திரிக்கு மறுநாள், பட்டறைப் பக்கம் மாதாந்திர மின்தடை. காலையில் கிளம்பினவர் சாயந்திரம் வெறுங்கையோடு வந்தார். வீட்டுக்கு எந்தப் பாலும் வரவில்லை, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டு பாக்கெட் பால் எங்கே போயிற்று என்று இனிமேல் கேட்கவும் முடியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ் நிறுத்தத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

குழம்பு வைக்கவில்லை. ரசம் இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

ஹவுஸ் ஓனரம்மா வந்து மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னார். "தை முடியறதுக்குள்ள வீடு வேணும்மா. உனக்குத்தான் சொந்த வீடு தயாரா இருக்கே." ஜிலேபி கொடுத்தார். நன்றாகவே இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

அவர் போனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறேன். ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பது அவர்தான். என்னைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் போனில் படிக்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு வாரமாகக் குரூப்பில் ஒரே கூச்சல். லிஃப்ட் ஓடவில்லை. தற்காலிக இணைப்பில் இரண்டு வீட்டில் ஏசி போட்டால் மொத்தக் கட்டடமும் இருட்டு. நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர கரண்டும் கிடையாது, குடிநீர் இணைப்பும் கிடையாது என்கிறார்கள். லாரித் தண்ணீர். முதல் மாடிக் கக்கூஸ் எதிர்த்துக்கொண்டு வருகிறது. தெய்வசிகாமணி ஒரே ஒரு பதில் போட்டிருந்தார்: 'பால் காய்ச்சி குடி வந்தாச்சு. ஒப்படைப்பு முடிந்தது. இனி அசோசியேஷன் பொறுப்பு.' கூடவே கும்பிடு போடும் கை படம்.

மாலையில் ஜெயசீலி டீச்சர் வீடு தேடி வந்துவிட்டார். சங்கத்துக்கு அவரைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் நீவி வைத்தார். அந்த வெற்றிலை அடிக் காகிதம். ஒரு மூலையில் இன்னும் குங்குமம் இருந்தது.

"படிங்க செண்பகம். இருபத்தெட்டு வருஷம் பிள்ளைங்களுக்குக் கேள்வியை முழுசாப் படின்னு சொல்லிக்குடுத்தவ நான். நானே படிக்கல."

'எல்லா வேலைகளும் திருப்தியாக முடிந்திருக்கக் கண்டு பெற்றுக்கொண்டேன். எதிர்காலத்தில் எந்தக் கோரிக்கையும் இல்லை. பால் காய்ச்சிய நாளே ஒப்படைப்பு நாளாகக் கொள்ளப்படும்.' அதற்குக் கீழே 'பால் காய்ச்சிய நாள்' என்று அச்சடித்து ஒரு கோடு. கோட்டின் மேல் டீச்சரின் அழகான கையெழுத்தில் தேதி.

"வக்கீலைப் பார்த்தோம். நாங்க பத்து பேரும் கை வச்சாச்சு, புகார் குடுத்தா அந்தாளு இந்தக் காகிதத்தைத்தான் நீட்டுவான்னு சொல்றார். நீங்க கையெழுத்துப் போடலையே?"

"நான் இன்னும் பாலே காய்ச்சலையே டீச்சர்."

"காய்ச்சாதீங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "தயவுசெஞ்சு காய்ச்சிடாதீங்க. உங்க ஒரு வீட்டுக்காகச் சான்றிதழ் வாங்கினாலும் அது மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்துதான். எங்களுக்கு இப்ப நீங்கதான்."

பாலைக் காய்ச்சாதே என்று ஒருத்தர் இப்படிக் கும்பிட்டுக் கேட்பார் என்று நான் நினைத்ததில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். ஜூன் எட்டாம் தேதி தட்டை என் கையில் கொடுத்துவிட்டு மேலே ஓடியதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 21, திங்கள்

முந்நூற்றுப் பத்து சட்டை. தலைவலி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஸ்டிக்கர் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு 3-பிக்குப் போனேன். தெய்வசிகாமணி சாவியைத் தரமாட்டார், ஆனால் பார்க்க வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாட்ச்மேன் பெத்துராசு திறந்துவிட்டார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டு ஏதாவது சொல்லப்போகிறார் என்று பயந்து, நான் நேராகக் குளியலறைக்குள் போய்விட்டேன்.

அவர் பட்டியல் போட்டபடியே பார்த்தேன். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன், வாசலுக்கு வந்தது. அம்பு. கூடத்தில் காசால் தட்டினேன், ஒன்பது கல் டொக்கென்றது. ஒன்பது அம்பு. சன்னல் ஒன்று சாத்தவில்லை, ஒன்று சாத்தினால் திறக்கவில்லை. பலகணிக் கம்பி ஆடுகிறது. சமையல் மேடையில் இளஞ்சாம்பல் கல், அவர் பார்த்து எடுத்தது. அதில் கையகலத்துக்குப் பழுப்பு வட்டமாக ஒரு கறை, ஓரத்தில் வழிந்து ஓடின தடம். சோப்பு போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், போகவில்லை. யார் என்ன கொட்டினார்களோ. அம்பு, பதினாலாம் எண், 'கல்லை மாற்றித் தர வேண்டும்' என்று எழுதினேன்.

மொத்தம் நாற்பத்தொன்று.

மொட்டை மாடிக்கும் போனேன். அங்கே ஒரு வீடு இருந்தது. சன்னல், கதவு, ஏசி எல்லாம் வைத்து, முழு வீடு. "பில்டரு மச்சினன் ஆபீசு தாயி" என்றார் பெத்துராசு. நான் நின்று எண்ணினேன். தரைத்தளத்திலிருந்து ஒவ்வொன்றாக. பன்னிரண்டு.

வரைபடத்தில் பதினொன்று. அதனால்தான் சான்றிதழ் வரவில்லை, வரவும் வராது. அவர் பிப்ரவரியிலேயே கண்டுபிடித்துவிட்டார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. கொஞ்ச நேரம் இருந்தது, நல்ல கோபம். பிறகு போய்விட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

அரை நாள் லீவு. டீச்சரோடு போய், பில்டர்கள் மேல் புகார் வாங்கும் ரியல் எஸ்டேட் ஆணையத்தில் புகார் பதிந்தோம். என் பெயரில். திரும்பும்போது மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தெய்வசிகாமணி கெட்டிக்காரர். என்னிடம் வரவில்லை, புனிதவதி வீட்டுக்குப் பழக்கூடையோடு போயிருக்கிறார். அவளும் அவள் வீட்டுக்காரரும் காலையிலேயே வந்துவிட்டார்கள்.

"அண்ணி, வியாழக்கிழமை நல்ல முகூர்த்தமாம். கல்ல மாத்தித் தரேன், கம்பியச் சரி பண்ணித் தரேன்னு எல்லாம் அந்தாளு ஒத்துக்கிட்டாரு. நானும் இவரும் மனையில உக்காந்து பால் காய்ச்சிடறோம். நீங்க பின்னால வந்து இருந்துக்கோங்க. வருஷம் திரும்பலைங்கற தோஷம் உங்களுக்கு வராது."

"கையெழுத்து?"

"அதைத்தான் நீங்க போடணும்."

"போட்டா மத்த பத்து வீடும் அப்படியே கிடக்கும் புனிதா. நம்ம வீட்டுக்கும் கரண்டு வராது."

"பத்து வீட்டுக்காரங்களா? அன்னிக்கு உங்கள நாற்காலி போட்டுக் கீழ உக்கார வச்சவங்கதானே? அவங்களுக்காக எங்கண்ணன் பாத்துப் பாத்து வாங்கின வீட்டப் பூட்டியே வெக்கப் போறீங்களா? தை முடிஞ்சா எங்க போய் நிப்பீங்க?"

கேள்வியில் குறை ஒன்றும் இல்லை. எங்கே போய் நிற்பேன் என்று எனக்கும் தெரியவில்லை. பத்துப் பேருக்காகத்தான் மறுக்கிறேன் என்றும் இல்லை. குறையுள்ளதைச் சரி என்று எழுத என் கை பழகவில்லை, அவ்வளவுதான்.

அவள் மேல்தட்டிலிருந்து பித்தளைப் பானையை எடுத்தாள். "இதையாவது நான் கொண்டுபோறேன்" என்றாள். நான் வாங்கித் திரும்ப வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிடாமல் போனார்கள். மூன்று பேருக்கு வைத்த சாம்பார் இரண்டு நாள் வந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

ஹவுஸ் ஓனரம்மா சுவருக்கு வண்ணம் பார்க்க ஆள் கூட்டி வந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

விசாரணை. நீளமான மேசை, நல்ல ஏசி. தெய்வசிகாமணியின் வக்கீல் எழுந்து, "ஐயா, வீடு மாதக்கணக்காகத் தயாராக இருக்கிறது. அம்மா வீட்டில் துக்கம் நேர்ந்ததால் அவர்களே விழா வைக்கவில்லை. இதில் எங்கள் தவறு என்ன?" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க பொசஷன் எடுத்தீங்களாம்மா? எதிலாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லைங்க. பால் காய்ச்சல."

"மத்தவங்கள்லாம் போட்டிருக்காங்களே?"

"அவங்கள்லாம் காய்ச்சிட்டாங்க."

சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. நிறைவுச் சான்றிதழ் எங்கே என்று வக்கீலைக் கேட்டார். வக்கீல் கட்டைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு நான் வரைபடத்தைக் கொடுத்து, மொட்டை மாடி போட்டோவைக் கொடுத்து, பதினொன்று, பன்னிரண்டு என்றேன். அவ்வளவுதான் பேசினேன். மாடி வீட்டை இடித்துவிட்டு அறுபது நாளில் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவானது.

படியில் டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டார். "கதிரேசன் சார் இருந்து இதைப் பாத்திருக்கணும்" என்றார்.

அவர் இருந்திருந்தால் வழக்கே இல்லை. அவர் போனதால்தான் நான் பால் காய்ச்சவில்லை. காய்ச்சாததால்தான் இது நின்றது. பதினொரு வீட்டுக்குக் கரண்டு வருவது அவர் செத்ததால். இல்லை, அவர் இருந்திருந்தால் அந்தக் காகிதத்தைப் படித்திருப்பார் என்று ரயிலில் தோன்றியது. அப்புறம், இல்லை, நான்தான் படிக்க விட்டிருக்க மாட்டேன், நல்ல நேரம் போகுது, போடுங்க என்று பானையும் கையுமாக நின்றிருப்பேன் என்று தோன்றியது. தாம்பரம் வந்துவிட்டது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நமக்கு இல்லை. தலைக்குக் குளித்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

இரண்டு நாளாக மழை. மழைக்கு மறுநாள் போ என்று எழுதியிருக்கிறாரே, போனேன். வண்டி நிறுத்துமிடத்தில் கணுக்கால் தண்ணீர். 3-பியில் கிழக்குச் சுவரில் புதிதாக ஈரம். நாற்பத்திரண்டாவது அம்பு.

டிசம்பர் 14, ஞாயிறு

மாடி வீட்டை இடிக்கிறார்கள். குரூப்பில் வீடியோ போட்டு எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஒருவர், 'நன்றி கதிரேசன் சார்' என்று போட்டார். பிறகு அழித்துவிட்டார்.

டிசம்பர் 31, புதன்

டைரி தீர்ந்துவிட்டது. கடையில் புது டைரி பார்த்தேன், தாள் மெலிசு. இதிலேயே முன்பக்கம் போய், அவர் எழுதாமல் விட்ட இடங்களில் எழுதிக்கொள்ளலாம். கிழமை மட்டும் தப்பாக இருக்கும்.

ஜனவரி 17

சான்றிதழ் வந்தது. டீச்சர் சட்டம் போட்டு லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்கிறார். நிரந்தர கரண்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. தெய்வசிகாமணியின் ஆட்கள் என் அம்புகளை ஒவ்வொன்றாகச் சரி செய்கிறார்கள். லிஃப்ட் சோதனைக்கு ஓடியதாம், நான்காவது மாடி மாமி அதில் ஆறு தடவை போய் வந்தாராம்.

ஜனவரி 19

புனிதவதியிடம் போனில் பேசினேன். ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான்.

"அதெல்லாம் சரி அண்ணி. ஆனா வருஷம் திரும்பாம புது வீட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது. வருஷம் திரும்பறது மாசியில. மாசி, பங்குனி ரெண்டும் ஆகாது. சித்திரையிலதான் பால் காய்ச்ச முடியும்."

"தை முடிஞ்சா இந்த வீட்டைக் காலி பண்ணணும் புனிதா."

"எங்க வீட்டுக்கு வந்துடுங்க. சாமானெல்லாம் ஒரு ரூம்ல போட்டுக்கலாம்."

அன்பாகத்தான் சொன்னாள். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. எனக்கு இந்தச் சாஸ்திரத்தில் நம்பிக்கை இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இருக்கிறது. இல்லாவிட்டால் பத்து மாதம் அந்தப் பானையை எதற்காகக் காகிதத்தோடு வைத்திருக்கிறேன்?

அட்டைப்பெட்டி கேட்டு மளிகைக் கடையில் சொல்லி வைத்தேன்.

ஜனவரி 25

ஞாயிறு, ஆனால் பக்கத்தில் சனி என்று இருக்கிறது.

நாற்பத்தொரு அம்பு போய்விட்டது. மிச்சம் பதினாலாம் எண். சமையல் மேடைக்குப் புதுக் கல் வந்து கூடத்தில் சாத்தியிருந்தது. கல் பதிக்கும் மேஸ்திரி உளியும் சுத்தியலுமாகப் பழைய கல்லைப் பெயர்க்க உட்கார்ந்தார். பெத்துராசு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கல்ல எதுக்கு தாயி பேக்கச் சொல்லுதீய?"

"கறை போகலைங்க. எலுமிச்சம்பழம் போட்டுக்கூடத் தேச்சுப் பாத்துட்டேன்."

"அது சாரு வச்ச கறைல்லா."

மேஸ்திரியைக் கையமர்த்தினேன்.

"போன மாசியில, சிவராத்திரிக்கு மறுநா. டைல்ஸ் ஒட்டுத வடக்கத்தி ஆளுவ ரெண்டு பேரு இருமிக்கிட்டே கெடந்தானுவ. சாரு பாத்துட்டுக் கீழ போயி ரெண்டு பாக்கெட்டுப் பாலு, டீத்தூளு வாங்கியாந்தாரு. 'பெத்துராசு, உம்ம அடுப்பத் தூக்கிட்டு வாரும்'னாரு. இந்தக் கல்லு மேலதான் வச்சோம். பன்னெண்டு வீடு இருக்கு, பதினொண்ணுன்னுல்லா வரஞ்சிருக்கான்னு என்கிட்டப் பேசிக்கிட்டே நின்னாரு. பாலு பொங்கி அடுப்புக்கு அடியில எல்லாம் ஓடிட்டு. நான் தொடைக்கப் போனேன். 'இருக்கட்டும்யா, பால் பொங்கிட்டுல்லா, இனி இது வீடு'ன்னாரு. சிரிச்சாரு."

கறையின் மேல் கையை வைத்தேன். அவரே சொன்னார்.

"'எங்க அம்புகிட்ட மட்டும் சொல்லிராதேயும். இதுக்குன்னே பித்தளப் பான வாங்கிப் பேரு வெட்டி வச்சிருக்கா. அவ வந்து காச்சட்டும், நான் காச்சினதச் சொல்ல வேண்டாம்'னாரு. அதான் தாயி நான் வாயத் தொறக்கல. அம்புன்னா ஆருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீங்கதான?"

சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். பஸ் நிறுத்தத்திலிருந்து கொண்டுவந்த அன்று அழவில்லை, பதினாறாம் நாள் அழவில்லை, இன்று அழுதேன், வாய் விட்டு. மேஸ்திரி பயந்துபோய், நான் கல்லுக்காக அழுவதாக நினைத்துக்கொண்டு, "புதுக் கல்லு இதவிட நல்லா இருக்கும்மா, ஒரே கலர்" என்றார்.

முகம் கழுவிக்கொண்டு வந்து, புதுக் கல்லை எடுத்துப் போகச் சொன்னேன். ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். பசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

மாலையில் புனிதவதிக்குப் போன் செய்து சொன்னேன்.

"எங்கண்ணனா? அவன் கையாலயா?"

"ஆமா. பொங்கி வழிஞ்சுதாம்."

"உயிரோட இருந்தப்பவே?"

"ஆமா புனிதா."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப அது புது வீடு இல்ல அண்ணி. அண்ணன் குடி போன வீடு. நீங்க எப்ப வேணும்னாலும் போகலாம். நான் ஒருத்தரையும் கேக்கப் போறதில்ல."

ஜனவரி 29

சாவி வாங்கினேன். தெய்வசிகாமணி இந்தத் தடவை தாம்பாளம் கொண்டுவரவில்லை, கோப்பு கொண்டுவந்தார். நிறைவுச் சான்றிதழ் நகல், கரண்டு இணைப்பு எண், குறைகள் சரிசெய்த பட்டியல். 'எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியை டீச்சர் சிவப்பு மையால் அடித்திருந்தார். எல்லாவற்றையும் உட்கார்ந்து, கடைசி வரிவரை படித்தேன். அவர் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தார். பார்க்கட்டும்.

அடியில் அதே கோடு. பால் காய்ச்சிய நாள்.

பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினேன். டீச்சர் என் காதோரம் குனிந்து, "இன்னிக்குத் தேதி போடுங்க செண்பகம். கட்டடத்துல ஏதாவதுன்னா அஞ்சு வருஷப் பொறுப்பு அந்தத் தேதியிலேர்ந்துதான் ஓடும். ஒரு நாள்கூட விட்டுக் குடுக்காதீங்க" என்றார்.

இன்றைய தேதியைப் போட்டேன். நான் ஏமாளி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குடி போகிறேன். பித்தளைப் பானையைக் காகிதத்திலிருந்து எடுத்து, புளி போட்டுத் தேய்த்தேன். அதில் அரிசி போட்டு வைக்கப்போகிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

இந்தப் பக்கத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டேன். இங்கே கிழமை சரிதான், அன்றைய கிழமை. 'பால் 2 பாக்கெட், டீத்தூள்' என்பதற்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறார். உரித்தெடுத்த அம்பை அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

பால் காய்ச்சிய நாள்: பிப்ரவரி 27.

காய்ச்சியவர்: கதிரேசன்.

கறை உண்டு. பாஸ்.